இணைய விளையாட்டுக் குழுக்களின் தலைமையும் உத்திரமேரூர் விதிகளும்

இடைக்கால உலகப் பின்னணி கொண்ட இணைய விளையாட்டுகள், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வீரர், மந்திரவாதி, திருடர், கொல்லர் போன்ற பாத்திரங்களை ஏற்று ஆடுபவை. 1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன், 1999இல் வந்த எவர்குவெஸ்ட், 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. ஆடுவோர் கில்ட் எனப்படும் குழுக்களாகச் சேர்கின்றனர். குழுவுக்குத் தலைவர், துணைவர்கள், பொதுப் பெட்டகம், சேர்க்கை விதி, நீக்க விதி எல்லாம் உண்டு. ஒரு சிறிய ஊராட்சிக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் இருக்கின்றன. ஆனால் ஊராட்சிக்கு அடிப்படையான ஒன்று, பெரும்பாலான குழுக்களில் இல்லை. விதிகள் உறுப்பினரைக் கட்டுகின்றன, தலைவரைக் கட்டுவதில்லை.

தலைவர் கையில் சாவி

இக்குறைக்குத் தலைவர்களின் குணம் மட்டுமே காரணமன்று. மென்பொருளே அப்படி எழுதப்பட்டுள்ளது. வார்கிராஃப்ட் விளையாட்டில் குழுவைத் தொடங்குபவரே தலைவர். யாருக்கு என்ன பதவி, பெட்டகத்தின் எந்த அறையை யார் திறக்கலாம், யாரை வெளியேற்றலாம் என்பதை அவர் வகுக்கிறார். உறுப்பினர் அனைவரும் ஒன்றுகூடி நின்றாலும் அவரை இறக்க வழியில்லை. அவர் நெடுநாள் உள்ளே வராமல் இருந்தால் மட்டும் அவர் இடத்தை வேறொருவர் கேட்டுப் பெறலாம். அதாவது தலைவர் தவறு செய்யலாம், வராமல் இருக்கத்தான் கூடாது! பல மாத உழைப்பில் சேர்ந்த பொருளோடு தலைவர் போய்விட்டால், பள்ளி விட்டு வந்து இரவெல்லாம் ஆடிய பிள்ளைகளுக்குப் புதுக் குழு தேடுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

நிர்வாகமே நேரடியாக ஆண்ட இடத்திலும் நிலைமை இதுதான். அல்டிமா ஆன்லைனின் வெள்ளோட்டத்தில், 1997 ஆகஸ்டில், அதை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட் 'லார்ட் பிரிட்டிஷ்' என்ற அரசராக வந்து மக்கள் முன் பேசிக்கொண்டிருந்தார். சாவே வராதபடி அவருக்கு இருந்திருக்க வேண்டிய காப்பு அன்று செயல்படவில்லை. ஆட்டக்காரர் ஒருவர் தீ மந்திரத்தை ஏவ, அரசர் இறந்தார். அடுத்து நிர்வாகத் தரப்பு பேய்களை அழைத்துக் கூட்டத்தில் விட்டது. வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களும் மாண்டனர். மந்திரம் ஏவியவரின் கணக்கு பின்னர் முடக்கப்பட்டது. கொலைக்காக அல்ல, முன்பே அவர் நிரல் பிழைகளைப் பயன்படுத்தியதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அரசர் இறந்த பிறகு நினைவுக்கு வரும் பழைய குற்றத்தை எந்த ஊரிலும் எவரும் முழுமனதோடு நம்ப மாட்டார்கள். ஆட்டக்காரர்கள் கண்டனம் எழுப்பியதில் வியப்பில்லை.

பங்கீட்டில் சீட்டு, பதவியில் இல்லை

பங்கீட்டைப் பொறுத்தவரை இக்குழுக்கள் நியாயம் தேடியதுண்டு. ஒரு டிராகனைக் கொல்லப் பல பேர் சில மணி நேரம் போரிட வேண்டும். கிடைக்கும் வாள் ஒன்றோ இரண்டோதான். யாருக்குக் கொடுப்பது? எவர்குவெஸ்ட் ஆட்டக்காரர்கள் வருகைக்கும் உழைப்புக்கும் புள்ளி வைத்து, புள்ளியைச் செலவிட்டுப் பொருள் வாங்கும் முறையை உருவாக்கினர். வார்கிராஃப்டில் 1 முதல் 100 வரை எண் உருட்டும் வழக்கம் உண்டு. விழுந்த எண் அனைவர் திரையிலும் தெரியும். தலைவர் ஒருவரே பொருளைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. அதன் மேல் பூசல் மிகுந்தது. 2018இல் அந்த ஏற்பாட்டை நிறுவனம் எடுத்துவிட்டது.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. ஒரு தலைக்கவசத்துக்குக் குலுக்கலை நம்பும் குழு, பெட்டகச் சாவியை யார் வைத்திருப்பது என்பதற்கு அதை நம்புவதில்லை. உண்மையான இடைக்காலத்தில் தமிழ்நாட்டு ஊர் ஒன்று இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டது.

உத்திரமேரூர்ச் சுவர்

பெருங்களத்தூரில் இருப்பவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரை சென்று உத்திரமேரூருக்குத் திரும்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்தச் சுவரைப் பார்த்துவிடலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் என்று இன்று அழைக்கப்படும் சபை மண்டபத்தில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. பள்ளிப் பாடத்தில் குடவோலை முறை ஒரு பத்தியில் வந்து போகிறது. குடமும் ஓலையும் மாணவர் நினைவில் நிற்கின்றன; தகுதியின்மை விதிகள் நிற்பதில்லை. கல்வெட்டின் உயிர் இருப்பதோ அங்கேதான்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 921ஆம் ஆண்டு விதிப்படி, ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டியவருக்கு வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயதும் வேண்டும். கல்வி மிகுந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைச் சேர்க்கக் கூடாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரும் கூடாது. அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமன், மைத்துனன், மருமகன், அத்தை மக்கள் என்று உறவுப் பட்டியல் நீள்கிறது, அவர்களும் கூடாது. தான் விலகி, மைத்துனனை முன்னே நிறுத்தும் தந்திரத்தை ஊரார் நன்றாகவே அறிந்திருந்தனர்.

தேர்வு நடந்த விதமும் சந்தேகத்துக்கு இடம் வைக்காதது. சபை முழுவதும் கூடியிருக்க, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். அவ்வாறு தேர்ந்த 30 பேரில் தோட்டம், ஏரி வாரியங்களில் முன்பே இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்து 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், மற்றவரில் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பதவிக் காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம்.

'குலுக்கலில் திறமையற்றவர் வந்துவிடுவாரே' என்ற மறுப்புக்கு இதிலேயே விடை இருக்கிறது. அனுபவம் வேண்டிய இடத்துக்கு அனுபவசாலிகளைப் பிரித்தே வைத்தனர். இணையக் குழுவிலும் போரை நடத்தத் தேர்ந்தவர் ஒருவர் வேண்டும். அவரே பெட்டகத்தையும் நீக்கும் அதிகாரத்தையும் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் என்ன?

உறவினர் விதியின் தேவையை இணைய உலகமும் பட்டுத்தான் அறிந்தது. ஈவ் ஆன்லைன் விண்வெளி விளையாட்டு, இடைக்காலக் கதையன்று. ஆயினும் இங்கே பொருந்துகிறது. அந்நிறுவன ஊழியர் ஒருவர், தாம் ஆடிவந்த அணிக்கு அரிய பொருள்களைச் சேர்த்தது 2007இல் வெளிவந்தது. அதன் பின் 2008இல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை மன்றம் அங்கே அமைந்தது.

இன்னொன்று, விதி எழுதப்படும் இடம். டிஸ்கார்டில் எழுதிய விதியைத் தலைவர் நள்ளிரவில் திருத்திவிடலாம். காலையில் பார்ப்பவருக்குப் பழைய வாசகம் கிடைக்காது. உத்திரமேரூரிலும் விதி இரண்டே ஆண்டில் மாறியது. 919இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை இருந்தது. ஆனால் திருத்தியவர்கள் பழையதைச் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டும் ஒரே மண்டபத்தில் இன்றும் நிற்கின்றன. எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

புகழ்ச்சியின் எல்லை

உத்திரமேரூரை 'உலகின் முதல் மக்களாட்சி' என்று மேடையில் சொல்வது எளிது. கல்வெட்டு அப்படிச் சொல்ல இடம் தரவில்லை. அது பிராமணருக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமற்றவர், உழுதவர், பெண்கள் எவர் பெயரும் ஓலையில் ஏறாது. குடவோலை வாக்குச்சீட்டும் அன்று. அதில் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை, சீட்டுக் குலுக்கினர். தேர்வில் 'வாக்கெடுப்பு' என்று எழுதும் மாணவர் தவறாகவே எழுதுகிறார். பெருங்களத்தூர் பேரூராட்சி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. 2022இல் அதன் முதல் மேயர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. பராந்தகன் காலத்து விதிப்படி அவர் குடத்தின் அருகில்கூட வந்திருக்க முடியாது.

விதியைச் சபை தனியே செய்துகொள்ளவும் இல்லை. அரசாணை வந்தது, அரசனின் அதிகாரி உடனிருந்தார். விளையாட்டில் அந்த இடத்தில் இருப்பது நிறுவனம். நிறுவனம் குழுப் பூசலில் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறது. ஆனால் தலைவருக்கு இத்தனை அதிகாரம் தந்த நிரலை எழுதியது அதுதான். உறுப்பினர் பெரும்பான்மை தலைவரை மாற்றலாம் என்ற ஒரு வசதியை நிரலில் சேர்ப்பது நிறுவனத்தின் கையில் உள்ளது. பெட்டகப் பதிவும் அப்படியே. இப்போது வார்கிராஃப்ட் பெட்டகம், யார் எதை எடுத்தார் என்பதில் அண்மைய சில வரிகளை மட்டுமே காட்டுகிறது. உத்திரமேரூரில் கணக்கு எழுதியவர் தம் கணக்கைத் தாமே வந்து ஒப்படைக்க வேண்டும். வேறொருவர் புகுந்து அதை முடித்துக் கொடுக்கக் கூடாது. நேர்மையானது என்று பெருமக்கள் ஏற்ற பிறகே அவர் மீண்டும் கணக்கெழுத வரலாம்.