சத்தம் மட்டும் கேட்கிற இடம்

2018 ஜூன் 26, ராத்திரி ஏழரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பர் வீட்டில் உட்கார்ந்து பிரான்ஸ்–டென்மார்க் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரான்ஸ் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தேறியாச்சு. டென்மார்க்குக்கு டிரா போதும். ரெண்டு டீமும் பந்தை இங்கிட்டும் அங்கிட்டும் தட்டிக்கொண்டே தொண்ணூறு நிமிஷத்தை ஓட்டின. 0–0. அந்த உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் கோலே விழாதது இது ஒன்றுதான்.

"இதப் பாக்கவா ஒருத்தன் சைக்கிள்ல போனான்?" என்றார் நண்பர்.

அவர் சொன்னது கிளிஃபின் பிரான்சிஸை. கேரளத்துக்காரர், கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், மெஸ்ஸி ரசிகர். விமானத்தில் துபாய், அங்கே ஒரு சைக்கிள், கப்பலில் ஈரான், பிறகு ரஷ்யா வரைக்கும் மிதி. பேப்பரில் எல்லாம் வந்தது. அவர் வாங்கியிருந்த டிக்கெட் இந்த 0–0 ஆட்டத்துக்குத்தான். அதே நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மெஸ்ஸி நைஜீரியாவுக்கு எதிராகக் கோல் போட்டார். பதினொன்றரை மணி ஆட்டம். அதையும் பார்த்துவிட்டு நான் ராஜபாளையம் வந்து சேரும்போது மணி ரெண்டு தாண்டியிருந்தது.

நண்பர் கேட்ட கேள்வி மனசில் கிடந்தது. சமீபத்தில் சைமன் கூப்பரின் 'ஃபுட்பால் அகெய்ன்ஸ்ட் தி எனிமி' படித்தபோது அது மறுபடி எழுந்து வந்தது. அந்தப் புத்தகத்தைப் பற்றிய என் குறிப்புகள்தான் இது. பாதி பாராட்டு, பாதி சண்டை.

1994-இல் வந்த புத்தகம். அந்த ஆண்டின் வில்லியம் ஹில் விளையாட்டுப் புத்தகப் பரிசு இதற்குத்தான் கிடைத்தது. கூப்பர் கிளம்பும்போது வயசு 22. முதுகுப்பை, உள்ளே ஒரு டைப்ரைட்டர், கொஞ்சம் பணம். ஒன்பது மாதம், 22 நாடுகள். உக்ரைன், கேமரூன், தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா, ஸ்காட்லாந்து என்று சுற்றுகிறார். போன இடமெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்வி: உங்க ஊரில் கால்பந்து வெறும் ஆட்டமா, இல்லை அதுக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கா?

எல்லா இடத்திலும் வேறு ஏதோ இருக்கிறது. 1978 உலகக் கோப்பையை அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி எப்படித் தன் முகப்பூச்சாகப் பயன்படுத்தியது என்பதும், கிளாஸ்கோவில் செல்டிக்–ரேஞ்சர்ஸ் பகைக்குள் கத்தோலிக்க–புராட்டஸ்டன்ட் பகை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் இதில் வருகின்றன. கூப்பர் பெரிய தத்துவம் எதுவும் பேசுவதில்லை. ஆளைப் பார்க்கிறார், பேசவிடுகிறார், அடுத்த ரயிலைப் பிடிக்கிறார். இது இந்தப் புத்தகத்தின் பெரிய பலம்.

இன்னொரு பலமும் உண்டு. பயண எழுத்தில் பாதிப் பேருக்கு ஒரு சிக்கல்: ஊருக்குப் போய் என்ன பண்ணுவதென்று தெரியாது. கட்டடத்தைப் பார்ப்பார்கள், சாப்பாட்டைப் படம் எடுப்பார்கள். எங்க பக்கம் தனியாகச் சுற்றுகிறவரைச் சந்தேகமாகத்தான் பார்ப்பாங்க. ஆனால் நூற்றியெட்டு திவ்யதேசம் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால் கதையே வேறு. அவருக்குப் பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வழி சொல்வாங்க, சாப்பிடச் சொல்வாங்க. "எதுக்கு வந்தீங்க?" என்ற கேள்விக்கு அவரிடம் ஒரு வார்த்தையில் பதில் இருக்கிறது. கால்பந்து ரசிகரிடமும் அந்த ஒரு வார்த்தை இருக்கிறது. கிளிஃபின் ஈரானில் 45 நாள் இருந்தார், அதில் ஹோட்டலில் தங்கியது ரெண்டே நாள் என்று பேட்டியில் சொன்னார். நண்பரின் கேள்விக்கு இது ஒரு பதில். ஆட்டம் எப்படி இருந்தாலும், டிக்கெட் வழியெல்லாம் கதவைத் திறந்துவிட்டது.

இனி சண்டை.

கூப்பரின் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஹெல்முட் க்ளோப்ஃப்ளைஷ் பற்றிய அத்தியாயம். கிழக்கு பெர்லின்காரர். ஆனால் அவருடைய கிளப் ஹெர்தா, மேற்கில் இருக்கிறது. 1961-இல் சுவர் எழுந்தபோது அவர் சின்னப் பையன். ஹெர்தாவின் அப்போதைய மைதானம் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆட்ட நாளில் இவரும் இவரைப் போன்றவர்களும் சுவரின் இந்தப் பக்கம் வந்து நின்று, அந்தப் பக்கம் கூட்டம் கத்துவதைக் கேட்பார்கள். கத்தலை வைத்துத்தான் கோலா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு காவலர்கள் அதையும் நிறுத்திவிட்டார்கள். வளர்ந்த பிறகு, மேற்கு ஜெர்மன் டீம்கள் கிழக்கு ஐரோப்பாவில் எங்கே ஆடினாலும் கிளம்பிப் போனார். ரகசியப் போலீஸ் அவர் பேரில் கோப்பு திறந்தது. 1989-இல் அவரை நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் சுவர் விழுந்தது.

இவ்வளவையும் எழுதிய கூப்பரின் சொந்தப் பயணத்தில் எல்லை என்பது ஒரு கதையாக வளர்வதில்லை. நாடு மாறுகிறது, அத்தியாயம் மாறுகிறது, அவ்வளவுதான். தன்னிடம் இருக்கிற பாஸ்போர்ட்டின் மதிப்பை அவர் கணக்கில் எழுதவில்லை. 22 நாடு என்ற எண்ணை அவர் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார். ராஜபாளையத்தில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு அது 22 விசா என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட், ஹோட்டல் புக்கிங், திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி.

கிளிஃபினின் கதையில் இது ஒளிவதில்லை. அஜர்பைஜானில் இருந்து ஜார்ஜியாவுக்குள் அவரை விடவில்லை. திரும்பி அஜர்பைஜானுக்குள் நுழையவும் விசா கையில் இல்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு நாள் கிடந்தார். ரஷ்யாவுக்குள் மட்டும் சுலபம். காரணம், 2018-இல் ஆட்ட டிக்கெட் வாங்கியவர்களுக்கு 'ஃபேன் ஐடி' என்று ஒரு அட்டை கொடுத்தார்கள், அதுவே விசாவுக்குப் பதில். அந்தச் சலித்த 0–0 ஆட்டத்தின் டிக்கெட் ஒரு இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடைத்த அபூர்வமான சலுகை. நண்பரின் கேள்விக்கு இது இரண்டாவது பதில்.

இதை எல்லாம் அக்கா மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். காலேஜில் ஃபுட்பால் ஆடுகிறாள், டிஃபென்டர். முழுசும் கேட்டுவிட்டு, "மாமா, அந்த நாற்பத்தஞ்சு நாள்ல நான் போயிருந்தா?" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. கூப்பரிடமும் இல்லை, கிளிஃபினைப் பற்றி எழுதிய பத்திரிகைகளிடமும் இல்லை. கிளிஃபின் சைக்கிள் மிதித்துப் போன அந்த ஈரானில், ஆண்களின் ஆட்டம் பார்க்கப் பெண்கள் மைதானத்துக்குள் போக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகத் தடை. 2019 அக்டோபரில் கம்போடியாவுடன் நடந்த ஆட்டத்தில்தான் பெண்கள் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார முடிந்தது. ஈரான் 14–0 என்று ஜெயித்த ஆட்டம் அது. விருந்தோம்பலில் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. சோறு போட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்த வீடுகளில் இருந்த பெண்பிள்ளைகள் பக்கத்து மைதானத்துக்குப் போக முடியாதபோது, வெளிநாட்டு ரசிகர் ஒருவர் அந்த வீட்டு வழியாக உலகக் கோப்பைக்குப் போய்க்கொண்டிருந்தார். இது கதையில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

ஜாஃபர் பனாஹியின் 'ஆஃப்சைடு' (2006) படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பையன்கள் மாதிரி வேஷம் போட்டு டெஹ்ரான் மைதானத்துக்குள் நுழையப் பார்த்த பெண்கள் பிடிபடுகிறார்கள். மைதானத்தின் ஓரத்தில் ஒரு தட்டிக்குள் நிறுத்திவைக்கிறார்கள். ஆட்டம் தெரியாது, கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்கும். படம் பார்க்கும்போது க்ளோப்ஃப்ளைஷ்தான் ஞாபகம் வந்தார். பெர்லினில் சுவர், டெஹ்ரானில் தட்டி. மற்றபடி ரெண்டும் ஒன்றுதான்.

கூப்பரின் புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கட்டாயம் படிங்க. ஆனால் அது தன்னை அறியாமல் சொல்லும் ஒரு விஷயத்தைக் கவனிச்சுப் படிங்க: 22 நாடு போனவரை விட, சுவரோரம் நின்று காது கொடுத்தவர்தான் அதில் மனசில் நிற்கிறார். தமிழில் ஒரு கால்பந்துப் பயணப் புத்தகம் வருமானால், அது விசா வரிசையில் தொடங்கட்டும். யார் உள்ளே போனாங்க, யார் வெளியே நின்னாங்க என்று அதில் இருக்கட்டும்.

அக்கா மகள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். 2027 மகளிர் உலகக் கோப்பை பிரேசிலில். அதுவரை சேர்க்கிற பணம் போதுமா என்று தெரியாது. போன வாரம் விசாரணைக்கு வந்தவர், "வெளிநாட்டுல வேலையாம்மா, இல்ல படிப்பா?" என்று கேட்டார்.

"மேட்ச் பாக்க சார்" என்றாள்.

"தனியாவா?"

"ஆமா சார்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவள்தானே போகப்போகிறாள்.