தாளில் இல்லாத வீரம்

போர்ப் படம் என்றால் சண்டை காட்டில் நடக்கும், கடைசியில் யாராவது ஜெயிப்பார்கள். டாட் ராபின்சன் எழுதி இயக்கிய ‘தி லாஸ்ட் ஃபுல் மெஷர்’ படத்தில் காட்டுச் சண்டை பாதிதான். மீதிச் சண்டை முப்பது வருஷம் கழித்து, அலுவலக மேசைகளில், ஒரு கோப்பை நடுவில் வைத்து நடக்கிறது. 2020 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து பெரிய சத்தம் இல்லாமல் போய்விட்ட படம். முழுமையான கலைப்படைப்பு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் இது தொட்டுவிட்டுத் தவறவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

கதைக்கு அடியில் இருப்பது உண்மைச் சம்பவம். 1966 ஏப்ரல் 11. வியட்நாமில் கேம் மை பகுதிக் காட்டுக்குள் அமெரிக்க முதலாம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த சார்லி கம்பெனி சிக்கிக்கொள்கிறது. காயம்பட்டவர்களைத் தூக்கிப்போக விமானப்படை மீட்பு ஹெலிகாப்டர்கள் வருகின்றன. மரங்கள் அடர்ந்த இடம், தரையிறங்க வழியில்லை. வில்லியம் பிட்சன்பார்கர் என்ற 21 வயது மீட்பு வீரர் கயிற்றில் கீழே இறங்குகிறார். ஒன்பது பேரை மேலே ஏற்றி அனுப்புகிறார். ஹெலிகாப்டர் சுடப்பட்டபோது அவர் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. காயங்களுக்குக் கட்டுப்போட்டு, செத்தவர்களிடமிருந்த தோட்டாக்களைப் பொறுக்கி உயிரோடு இருந்தவர்களுக்குக் கொடுத்து, அந்த ராத்திரியே செத்துப்போனார். அவருக்கு அந்த வருஷமே விமானப்படைச் சிலுவை வழங்கப்பட்டது. அது இரண்டாம் நிலை விருது. உச்ச விருதான மெடல் ஆஃப் ஹானர் 2000 டிசம்பர் 8-ஆம் தேதிதான் வந்தது. வாங்கிக்கொண்டவர் அவருடைய அப்பா.

34 வருஷம். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதுதான் படத்தின் கேள்வி. பென்டகனில் வேலை செய்யும் ஸ்காட் ஹஃப்மன் என்ற கற்பனைப் பாத்திரம் (செபாஸ்டியன் ஸ்டான்) இந்தக் கோரிக்கையை விசாரிக்க அனுப்பப்படுகிறான். பதவி உயர்வு ஒன்றே குறியாக இருப்பவன். வேண்டா வெறுப்பாகப் பழைய வீரர்களைத் தேடிப் போகிறான். வில்லியம் ஹர்ட், சாமுவேல் எல். ஜாக்சன், எட் ஹாரிஸ், பீட்டர் ஃபோண்டா என்று ஒவ்வொரு கிழவராகக் கதை சொல்லச் சொல்ல, இவன் மனம் மாறுகிறது.

“ஒரு மெடலுக்கா இவ்ளோ அலைச்சல்?” என்று யாருக்கும் தோன்றும். செத்தவன் செத்துட்டான், அவனுக்கு எந்த மெடலா இருந்தா என்ன? இந்தக் கேள்விக்குப் படம் தரும் பதிலைவிட, அமெரிக்க ராணுவ ஆவணங்கள் வேலை செய்யும் விதமே நல்ல பதிலைத் தருகிறது.

அங்கே படையிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் டிடி 214 என்ற ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. எங்கே இருந்தார், எவ்வளவு காலம், என்னென்ன விருது என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலை, ஓய்வூதியம், மருத்துவம், கடைசியில் கல்லறையில் ஒரு கொடி, எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். ஒருவர் காயம்பட்டிருக்கலாம், உடம்புக்குள் இன்னும் இரும்புத்துண்டு இருக்கலாம். தாளில் பர்ப்பிள் ஹார்ட் என்று அச்சாகவில்லை என்றால் அதிகாரபூர்வமாக அவர் காயம்படவே இல்லை. தட்டச்சு செய்தவர் ஒரு வரியை விட்டிருக்கலாம். அவசர அவசரமாகப் படையைக் கலைத்தபோது உத்தரவு நகல் கோப்புக்குள் வராமல் போயிருக்கலாம். இன்னொரு விசித்திரமும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் காலாட்படைப் போர்ச்சின்னம் பெற்றவர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கமும் உரியது என்று 1947-இல் முடிவானது. அதற்குள் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கேட்டால்தான் கிடைக்கும், கேட்கலாம் என்பது தெரிந்தால்தான் கேட்க முடியும்.

கேட்பதும் சும்மா இல்லை. டிடி 149 என்ற பாரத்தை நிரப்பி, ஆவணத் திருத்த வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். தவறு தெரியவந்த மூன்று வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நியாயம் கருதி வாரியம் அதைத் தளர்த்தலாம். ஆனால் வாரியம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது முக்கியம். ராணுவம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கும் என்பதுதான் அதன் தொடக்கப்புள்ளி. தப்பு நடந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் விண்ணப்பதாரர். எழுபது, எண்பது வயதுக் கிழவர், தன் இருபது வயதுக்குச் சாட்சி தேட வேண்டும். கூட இருந்தவர்கள் யார், யார் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

சாட்சிக்குக் காகிதத்தைத் தேடிப் போனால் அதுவும் எரிந்திருக்கலாம். 1973 ஜூலை 12-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் அருகே இருந்த தேசிய ராணுவ ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் போயின. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் ஆவணங்களில் சுமார் 80 விழுக்காடு அதில் அடக்கம். நகல் கிடையாது, பட்டியல்கூட கிடையாது. இரண்டு உலகப்போரும் கொரியப்போரும் ஒரே தீயில். அதன் பிறகு ஒரு வீரரின் வாழ்க்கையை, சம்பளச் சீட்டு, கம்பெனியின் காலை அறிக்கை, மருத்துவமனைப் பதிவு என்று துண்டு துண்டாக ஒட்டவைக்க வேண்டியதாயிற்று.

அரசாங்க கவுண்டரில் “பத்திரம் இல்லையே” என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிய யாரையாவது தெரிந்திருந்தால் இந்தக் கிழவர்களைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போகத் தேவையில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். இவ்வளவு பயங்கரம் கையில் இருக்கும்போது ராபின்சன் என்ன செய்கிறார்? ஒரு வில்லனைத் தேடுகிறார். பிட்சன்பார்கருக்கு உச்ச விருது மறுக்கப்பட்டதற்குப் பின்னால் ஒரு மேலிடத்து ரகசியம், பதவியில் இருப்பவரின் பயம், அதைக் கண்டுபிடிக்கும் இளைஞனின் மனசாட்சி என்று ஒரு துப்பறியும் கதையைப் போர்த்திவிடுகிறார். இதுதான் படத்தின் அடிப்படைத் தவறு என்பேன். வில்லன் இருந்துவிட்டால் பார்வையாளனுக்கு நிம்மதி. அவன் தோற்றால் நீதி கிடைத்துவிடும். யாருமே கெட்டவனாக இல்லாமல், எல்லோரும் விதிப்படி வேலை பார்த்து, ஒரு மனிதனின் வாழ்வு காணாமல் போவதை ஒரு கதையாக்குவது கஷ்டம். காஃப்கா படித்தவர்களுக்கு அது தெரியும். ராபின்சன் அந்தக் கஷ்டத்துக்குள் போகவில்லை.

அதற்காக எல்லா மறுப்புகளும் முகமற்றவை என்றும் சொல்லிவிட முடியாது. பாரிஸ் டேவிஸின் கதையைப் பாருங்கள். 1965 ஜூனில் பொங் சன் அருகே நடந்த சண்டையில், பலமுறை காயம்பட்டும், தன் அமெரிக்கச் சகாக்களை மீட்காமல் களத்தை விட்டுப் போக மறுத்த சிறப்புப்படை கேப்டன். கறுப்பினத்தவர். அவருக்கு மெடல் ஆஃப் ஹானர் தர வேண்டும் என்று எழுதப்பட்ட பரிந்துரை காணாமல் போனது. 1969-இல் விசாரித்தார்கள், கோப்பு இல்லை. திரும்ப அனுப்பச் சொன்னார்கள். அதுவும் காணாமல் போனது. பழைய சகாக்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து அந்தக் கோப்பை மறுபடி கட்டியெழுப்பினார்கள். 2023 மார்ச் 3-ஆம் தேதி, தன் 83-ஆம் வயதில் வெள்ளை மாளிகையில் அந்த விருதை வாங்கினார் டேவிஸ்.

இரண்டு தடவை ஒரே மனிதனின் கோப்பு தொலையுமா? தொலையலாம். தொலைத்தது இனவெறியா, அலட்சியமா? ஒற்றை ஆளைச் சுட்டி நிரூபிக்க முடியாது. ஆனால் கூட்டிப் பார்த்தால் கணக்கு தெரிகிறது. இரண்டாம் உலகப்போரில் போரிட்ட கறுப்பின வீரர்களில் ஒருவருக்குக்கூட அப்போது மெடல் ஆஃப் ஹானர் தரப்படவில்லை. 1990களில் ராணுவமே ஆய்வுக்கு ஏற்பாடு செய்து, 1997 ஜனவரியில் ஏழு பேருக்கு அதை வழங்கியது. ஏழு பேரில் உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவர்தான். 2000 ஜூனில் ஆசிய வம்சாவளியினரான 22 பேரின் விருதுகள் அதே போல உயர்த்தப்பட்டன. ஒவ்வொரு தாளும் தனித்தனியாகப் பார்த்தால் எழுத்தர் பிழை. அடுக்கி வைத்தால் ஒரு நாட்டின் குணம். ரகசியச் சதிக்கும் வெறும் அலட்சியத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த இடம்தான் இலக்கியத்துக்குரிய இடம். படம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இருந்தும் இதைப் பார்க்கச் சொல்வேன். காரணம் அந்தக் கிழவர்கள். பீட்டர் ஃபோண்டாவின் கடைசிப் படங்களில் ஒன்று இது. அவர் நடித்த ஜிம்மி பர் இரவைக் கண்டு இன்னும் பயப்படுகிறார். கையில் துப்பாக்கி, பக்கத்தில் இதற்கெல்லாம் பழகிப்போன மனைவி. அந்தக் காட்சியில் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. தங்கள் பக்கத்துப் பீரங்கிக் குண்டுகளே தங்கள் ஆட்கள்மேல் விழுந்ததை இன்னொருவர் சுமந்துகொண்டிருக்கிறார். கிறிஸ்டோபர் பிளம்மர் நடித்த அப்பா, மகனைப் பற்றிப் பேசும்போது குரலை உயர்த்துவதே இல்லை. இந்த இடங்களில் எனக்கு ஒன்று புரிந்தது. பிட்சன்பார்கருக்காக இவர்கள் கேட்கும் மெடல் உண்மையில் இவர்கள் உயிர் பிழைத்ததற்கான ரசீது. அவன் செய்தது பதிவாகாவிட்டால், அவனால் பிழைத்த இவர்களுடைய வாழ்வுக்கும் கணக்கு இல்லை. சாட்சி சொல்ல வருகிறவன் தனக்காகவும்தான் வருகிறான்.

நம் மரபில் இதற்கு நடுகல் உண்டு. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அதை வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. விழுந்தவனின் பெயரையும் அவன் செய்ததையும் கல்லில் எழுதினார்கள். கண்டவர்கள் ஊரில் இருந்தார்கள், அதுவே போதும், மேலிடத்துக் கையெழுத்து தேவைப்படவில்லை. நவீன அரசு அந்தக் கல்லைத் தாளாக மாற்றியது. தாள் சுலபம், எல்லோருக்கும் கொடுக்கலாம், சாதாரணச் சிப்பாய்க்கும் கிடைக்கும். அதில் ஒரு ஜனநாயகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கூடவே, கண்ணால் கண்டவனின் சொல்லைவிடக் காணாத எழுத்தரின் வரி பெரிதாகிவிட்டது.

படத்தின் முடிவு விருது விழா. அரங்கில் இருப்பவர்களை வரிசை வரிசையாக எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். ஒரு மனிதனின் செயலால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டும் காட்சி. இசை பொங்குகிறது. எனக்கும் கண் கலங்கியது, மறுக்கவில்லை. ஆனால் கண் கலங்குவதும் படைப்பு நம்மை மாற்றுவதும் ஒன்றல்ல. ஏனென்றால் அந்தக் கண்ணீரில் அரசு முழுக்கக் கழுவப்பட்டுவிடுகிறது. முப்பது வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்த அதே நிறுவனம் இப்போது மேடையில் நின்று கைதட்டு வாங்குகிறது. தாமதத்துக்கு யார் பதில் சொன்னார்கள்? அந்த 34 வருஷத்தில் செத்துப்போன சாட்சிகள் எந்த வரிசையில் எழுந்து நிற்பார்கள்?

இன்னொரு குறையும் உண்டு. இது பெரும்பாலான அமெரிக்கப் போர்ப் படங்களின் குறை. வியட்நாமியர்கள் இதில் மரங்களுக்கு நடுவே அசையும் நிழல்கள். சண்டை நடந்த நிலத்துக்கே திரும்பிப்போய் அங்கே வாழும் ஒரு முன்னாள் வீரர் (ஜான் சாவேஜ்) படத்தில் இருக்கிறார். நிலம் ஆறிவிட்டது, மன்னித்துவிட்டது என்பது போன்ற ஓர் அமைதி அங்கே காட்டப்படுகிறது. யார் சார்பில் மன்னித்தார்கள்? அந்த நிலத்துக்காரர்களுக்கு வாயே கொடுக்கப்படவில்லை. அதே காட்டில் செத்தவர்கள் அவர்கள் தரப்பிலும் உண்டு. எலும்புகூடக் கிடைக்காத லட்சக்கணக்கானவர்களைத் தேடும் குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு. ஒரு மனிதனுக்குத் தகுந்த பதிவு கிடைக்கவில்லை என்று அழும் ஒரு படம், தன் சட்டகத்துக்குள்ளேயே இன்னொரு கூட்டத்தைப் பதிவு செய்யாமல் விடுகிறது. இதைவிட முரண் இருக்க முடியாது.

இளம் எழுத்தாளர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீரத்தைக் காட்ட ராபின்சனுக்கு ஹெலிகாப்டரும் குண்டும் தேவைப்பட்டன. ஆனால் மனதில் நிற்பது கிழவர்கள் பேசும் அறைகள்தான். அங்கே ஒரு மனிதன் தன் ஞாபகத்தைத் தாளுக்கு எதிராக நிறுத்துகிறான். நடுங்கும் கையோடு டிடி 149-ஐ நிரப்பி, “நான் அங்கே இருந்தேன்” என்று எழுதி, தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒரு கிழவரைப் பற்றிய படத்தை யாரும் இன்னும் சரியாக எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கு வில்லன் வேண்டாம், விழாவும் வேண்டாம். ஒரு மேசையும் பாரத்தில் அவர் நிரப்ப முடியாத ஒரு கட்டமும் போதும்.