எபாக்சி கலக்க ஏற்ற டிரில் எது?

அமெரிக்க வீடுகளில் கராஜ் தரைக்குப் பூசப்படும் எபாக்சி, ரெசின் என்னும் பிசினும் ஹார்ட்னர் என்னும் இறுக்கியுமாக இரண்டு கலன்களில் வருகிறது. கரைப்பான் சேராத வகைகளில் இவ்விரண்டுக்கும் இடையே நிகழும் வேதிவினையே பூச்சை இறுகச் செய்வதால், சரியாகக் கலவாத பகுதி எத்தனை நாள் கழிந்தாலும் பிசுபிசுப்பாகவே கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டியதுதான். ஆகவே, கலக்கும் டிரில்லைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனம் வீண்போவதில்லை.

வாங்குவோர் முதலில் பார்ப்பது மோட்டாரின் ஆற்றலை. முதலில் பார்க்க வேண்டியதோ வேகத்தை. எபாக்சியைப் பொதுவாக நிமிடத்துக்கு 300 முதல் 600 சுற்று வேகத்தில் கலக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கலக்கியின் தண்டைச் சுற்றிச் சுழல்குழி உண்டாகிக் காற்றை உள்ளிழுக்க, அக்காற்று பூசிய தரையில் குமிழிகளாகவும் ஊசித்துளைகளாகவும் வெளிப்படும். வீட்டில் துளையிடப் பயன்படும் சிறிய 10 மி.மீ. டிரில்களில் பல 2,000 சுற்றுக்கு மேல் ஓடுபவை. சுவிட்சைப் பாதி அழுத்தி அவற்றின் வேகத்தைக் குறைக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே அச்சில் இருப்பதால், வேகம் குறையும்போது காற்றோட்டமும் குறைகிறது, கெட்டியான திரவத்தின் சுமையால் மின்னோட்டமோ கூடுகிறது, சற்று நேரத்தில் காற்றுத் துளைகளின் வழியே கருகல் வாடை வரத் தொடங்குகிறது. கியரால் வேகம் குறைக்கப்பட்ட டிரில்லில் மோட்டார் தன் முழு வேகத்தில் ஓட, கலக்கியைப் பிடிக்கும் சக் மட்டும் மெதுவாகச் சுழல்வதுடன், முறுக்குவிசை, அதாவது சுழற்றும் வலிமை, அதிகரிக்கவும் செய்கிறது. பணம் கொடுக்க வேண்டியது இந்த அமைப்புக்கே.

இந்த அளவுகோலில் டிவால்ட் நிறுவனத்தின் டிடபிள்யூ130வி மாதிரி முன்னிற்கிறது. 9 ஆம்பியர் மோட்டாரும் 13 மி.மீ. சக்கும் கொண்ட இதன் உச்ச வேகமே 550 சுற்று என்பதால், சுவிட்சை முழுவதும் அழுத்தினாலும் எல்லை மீறுவதில்லை. மண்வெட்டிப் பிடி போன்ற பின்கைப்பிடியும் பக்கக் கைப்பிடியும் இருப்பதால், கலக்கி வாளியின் சுவரில் சிக்கும்போது கருவி மணிக்கட்டைத் திருகாமல் இரு கைகளாலும் அடக்க முடிகிறது. மில்வாக்கியின் 0299-20 மாதிரி 8 ஆம்பியர், 850 சுற்று கொண்டது. சுவிட்சைச் சற்றுத் தளர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தாலும், துளையிடும் வேலைக்கும் நன்கு உதவுவதால் ஒரே ஒரு கராஜ் தரையைப் பூசுவோருக்கு இதுவே சிக்கனமான தேர்வு. 18 வோல்ட் பேட்டரி டிரில், முதல் கியரில், சிறிய அளவுக் கலவைக்குப் போதுமானது. பெரிய வாளிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கலக்க அதை நம்புவது தவறு. எந்த டிரில்லானாலும் சுத்தியல் இயக்கம் இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும்.

கலக்கியைத் திரவத்துக்குள் மூழ்கவைத்த பிறகே சுவிட்சை அழுத்துவதும், அது நின்ற பிறகே வெளியே எடுப்பதும் முறை. இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, வாளியின் சுவரையும் அடியையும் வழித்துவிட்டு, வேறொரு சுத்தமான வாளிக்கு மாற்றி மீண்டும் சிறிது நேரம் கலக்குவது, ஓரத்தில் ஒட்டி நிற்கும் கலவாத பிசின் தரைக்குப் போவதைத் தடுக்கிறது. கலந்தபின் வாளியிலேயே விட்டுவைத்தால், வேதிவினையின் வெப்பம் வெளியேற வழியின்றிக் கலவை விரைவில் கெட்டியாகிவிடும். உடனே தரையில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். ஹார்ட்னர் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால் நைட்ரைல் கையுறை கட்டாயம்.

இங்கே குறிப்பிட்ட இரண்டு மாதிரிகளும் அமெரிக்காவின் 120 வோல்ட் மின்சாரத்துக்கு உரியவை. 230 வோல்ட் வழங்கப்படும் இந்தியாவிலும் இலங்கையிலும் அவற்றை நேரடியாக இணைக்கக் கூடாது. அங்குள்ளோர் 600 சுற்றுக்கு மேற்படாத, கியர் கொண்ட 13 மி.மீ. டிரில்லையே கேட்டு வாங்க வேண்டும்.