பக்கத்தில் உட்கார்ந்தவர்

மணப்பாறை வழியாகச் சென்னை போகும் வைகை எக்ஸ்பிரஸ் திருச்சி, ஸ்ரீரங்கம் தாண்டிச் சற்று நேரத்தில் லால்குடியைக் கடக்கும். தியாகராஜர் வந்து ஐந்து கிருதிகள் பாடிய ஊர். அந்த ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட வயலின் மேதை ஜெயராமனை (1930–2013) அவருடைய தனிக் கச்சேரிகளுக்காகக் கொண்டாடுபவர்கள் நிறையப் பேர். எனக்கு அவர் பிறரோடு சேர்ந்து வாசித்ததுதான் உசத்தி.

அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று அவர் பக்கவாத்தியம் வாசித்த பாடகர்கள் ஆளுக்கொரு பாணி. மேடையில் அடுத்து என்ன வரும் என்று வயலின்காரருக்கு யாரும் சொல்லிவைப்பதில்லை. ஜி.என்.பி.யின் பிருகாக்கள் ஓய்ந்ததும் லால்குடியின் வில் அதே விறுவிறுப்போடு புறப்படும். மணி ஐயரின் சர்வலகு ஸ்வரங்களுக்கோ அதே நடையில், அதே சுகத்தில் பதில் வரும். சாஹித்யத்தில் சொல் பிரியும் இடத்தில்தான் வில் திரும்பும். அதனால் வயலினில் வார்த்தையே காதில் விழும். தன் முறை வரும்போது பாடகரைவிடச் சுருக்கமாக ராகத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். எல்லாம் தெரிந்தவர் இப்படி நிறுத்துவது லேசான காரியமா?

1966-இல் என். ரமணியின் குழலையும் ஆர். வெங்கட்ராமனின் வீணையையும் சேர்த்துக்கொண்டு வயலின்–வேணு–வீணைக் கச்சேரியைத் தொடங்கினார். இதில் யார் யாருக்குப் பக்கவாத்தியம்? மீட்டிய மாத்திரத்தில் வீணையின் நாதம் தேயத் தொடங்கும். குழலுக்கு மூச்சு வாங்க இடம் வேண்டும். நினைத்த மட்டும் நீண்டு நிற்கக்கூடியது வில் ஒன்றுதான். அவர் மனது வைத்திருந்தால் மற்ற இரண்டையும் மூழ்கடித்திருக்கலாம். மாறாக, வீணை முடிக்கும் கமகத்தின் நுனியில் மெல்லச் சேர்ந்துகொள்வார்.

புதிதாக ஆக்குவதிலும் அவருக்குத் தயக்கமில்லை. சாருகேசியில் அவர் செய்த பதவர்ணத்தையும் மோகனகல்யாணி, தேஷ் தில்லானாக்களையும் சபாக்களில் பாடாதவர், ஆடாதவர் குறைவு. ‘சிருங்காரம்’ படத்தின் இசைக்குத் தேசிய விருது கிடைத்தபோது எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். தில்லானாக்களில் சிலவற்றில் கணக்கு கொஞ்சம் கூடுதல் என்பது என் கட்சி. சண்டைக்கு வர நடனமணிகள் இருக்கிறார்கள்.

லால்குடியைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் தனிக் கச்சேரிப் பதிவுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மதுரை மணி ஐயருக்கு அவர் வாசித்த ஒரு பதிவைத் தேடிப் பிடியுங்கள்.