வேட்புமனு போட ஆள் இல்லை

2021 பிப்ரவரியில் சொந்த வேலையாக வீரசோழன் போயிருந்தேன். அருப்புக்கோட்டையைத் தாண்டினால் ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். அங்கங்கே கரிமூட்டப் புகை. அன்றைக்குச் சந்தை நாள். ஆடு விற்றவர்களும் வாங்கியவர்களும் பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்:

''பர்மாவுல மறுபடி ராணுவம் புகுந்துருச்சாமே தம்பி?''

பத்திரிகைக்காரனிடம் கேட்டால் விடுவானா? பிப்ரவரி 1-ம் தேதி ஆங் சான் சூச்சியைப் பிடித்து உள்ளே வைத்ததில் ஆரம்பித்து, ஜனவரி 6-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் ட்ரம்ப் ஆட்கள் புகுந்து தேர்தல் முடிவைத் தடுக்கப் பார்த்தது வரை ஒரு லெக்சரே கொடுத்தேன். 'உலகம் முழுக்க ஜனநாயகத்துக்கு ஆபத்து, அய்யா' என்று முடித்தேன்.

''அங்கே டாங்கி வந்துச்சு, சரி. டாங்கியும் இல்லாம, துப்பாக்கியும் இல்லாம நம்ம பக்கத்துல பத்து வருஷம் எலெக்‌ஷனை நிறுத்தி வச்சிருந்தாங்களே. கொட்டக்கச்சியேந்தல்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?''

கேள்விப்பட்டிருக்கிறேன். மறந்திருந்தேன். அதுதான் உறைத்தது.

புதிய பஞ்சாயத்துச் சட்டப்படி 1996-ல் தமிழ்நாட்டில் தேர்தல் அறிவித்தபோது, தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் நான்கு வரலாற்றில் இடம்பிடித்தன. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். தலித் ஒருவர் தலைவராவதை ஆதிக்க சாதியினர் ஏற்கவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும். வேட்புமனு போட ஆள் இருக்காது. பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். தங்கள் பேச்சைத் தட்டாத ஒருவரை நிற்க வைப்பது, ஜெயித்த கையோடு ராஜினாமா கடிதம் வாங்கிக்கொள்வது. 2006 வரை இதே கதை.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது பழக்கமான மோசடி. புத்தகத்தில் பற்றும் வரவும் சரியாக இருக்கும், கல்லாவைத் திறந்தால் பணம் இருக்காது. அறிவிப்பு, மனுத் தாக்கல் தேதி, வாபஸ் தேதி, பூத்து எல்லாம் முறைப்படி நடந்தது. தலைவர் மட்டும் இல்லை.

கருத்துச் சுதந்திரம் என்றதும் நமக்கு எழுத்தாளர்களும், தடை செய்த புத்தகங்களும், சென்சார் போர்டும்தான் ஞாபகம் வரும். யாருக்கு ஓட்டுப் போடுவது என்ற முடிவும் கருத்துச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று 2003-லும் 2013-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியானால், 'நான் நிற்கிறேன்' என்று ஒரு கூலித் தொழிலாளி சொல்வது? இந்த நாட்டில் ஒரு குடிமகன் பேசக்கூடிய மிகச் சிறிய அரசியல் பேச்சு அது. இரண்டே வார்த்தை. அதைச் சொன்னால் நாளைக்கு வயலில் வேலை கிடைக்காது. கடையில் கடன் கிடைக்காது. அதற்கு மேலும் நடக்கும். மேலவளவில் துணிந்து நின்று ஜெயித்த தலைவர் முருகேசனையும் இன்னும் 5 பேரையும் 1997 ஜூன் 30-ல் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகு 'யாரும் மனு போட முன்வரவில்லை' என்று ஃபைலில் எழுதுவதற்கு என்ன அர்த்தம்?

2006 அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. மதுரையில் கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் திரும்பத் திரும்ப ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசினார். பத்து வருடம் முடியவே முடியாது என்று சொல்லிவந்த காரியம், அரசாங்கம் மனசு வைத்ததும் முடிந்தது. சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் நான்கு பேர் நாற்காலியில் உட்கார்ந்ததற்கே விழா எடுக்க வேண்டியிருந்தது என்பதில் கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது.

உட்கார்ந்தவர்களை எல்லாம் விட்டார்களா? 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய போட்டோவை நாடே பார்த்தது. அதே வருடம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைச் சுதந்திர தினக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து அதிகாரிகள் வந்து ஏற்ற வைத்தார்கள்.

நகரத்தில் இதைப் படிப்பவர், 'கிராமத்து ஜனங்களே இப்படித்தான்' என்று பக்கத்தைத் திருப்பலாம். திருப்ப வேண்டாம். பஞ்சாயத்தின் 5 ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடத்தியாக வேண்டும் என்பது அரசியல் சட்டம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் கிராமங்களில் ஓட்டுப் போட்டோம், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். மற்ற 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆனது. அந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் காலம் முடிந்தபோதும் தேர்தல் இல்லை, தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். வழக்கு, வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. பாப்பாபட்டியில் ஊர்க்கட்டுப்பாடு செய்த வேலையைச் சென்னையில் ஃபைல் செய்தது. அதை எந்தக் கட்சிக்காரரும் ஜனநாயகப் படுகொலை என்று சொல்லி மறியல் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு கழகங்களின் ஆட்சியிலும் நடந்தது என்பதால் இருக்கலாம்.

அன்றைக்குப் பெரியவரிடம், 'ஏன் அய்யா, அந்தப் பத்து வருஷத்தில் யாருமே வாய் திறக்கவில்லையா?' என்று கேட்டேன்.

''திறந்தாங்க தம்பி. கேக்கத்தான் ஆளில்லை. உங்க பேப்பர்ல அன்னைக்கெல்லாம் ஈராக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு.''

டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.