தொடக்க நிலைகளும் தசைகளின் உழைப்பும்

சிகிச்சை உடற்பயிற்சியில் எந்த அசைவும் ஏதேனும் ஓர் உடல் நிலையிலிருந்தே தொடங்க வேண்டியிருப்பதால், அந்நிலையைத் 'தொடக்க நிலை' எனப் பெயரிட்டு வகைப்படுத்தும் மரபு, 1813இல் பெர் ஹென்ரிக் லிங் ஸ்டாக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சிப் பயிலகத்தின் செல்வாக்கில் வளர்ந்து, பிரிட்டிஷ் பாடநூல்கள் வழியே இந்திய இயன்முறை மருத்துவக் கல்வியையும் வந்தடைந்தது. நிற்றல், முழந்தாளிடுதல், அமர்தல், படுத்தல், தொங்குதல் என்னும் ஐந்தையும் அடிப்படையாக வைத்து, கை கால்களின் இருப்பைச் சற்றே மாற்றிப் பல கிளை நிலைகளை வருவிக்கும் அம்மரபு, ஒவ்வொரு நிலைக்கும் உழைக்கும் தசைகள் இவை, பயன்கள் இவை என்றொரு பட்டியலையும் இணைத்துத் தருகிறது. அதில் இயக்கவியலைச் சார்ந்த பகுதி காலத்தைத் தாண்டி நிற்க, தசைகளைப் பற்றிய பகுதி ஆட்டம் கண்டிருக்கிறது.

மரபின் வலிமை ஈர்ப்பு விசையை அது கையாளும் விதத்தில் இருக்கிறது. உடலைத் தாங்கும் பரப்பாகிய ஆதாரத் தளம் அகன்றும், உடல் எடை குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் ஈர்ப்பு மையம் தாழ்ந்தும் இருந்தால், உடலை நிலைநிறுத்தத் தசைகள் படும் பாடு குறைந்து, ஓர் உறுப்புக்கு மட்டும் பயிற்சி தர இயலும். தொடையைப் பக்கவாட்டில் விலக்கும் இடுப்புத் தசை நலிந்த ஒருவர் மல்லாந்து படுத்திருக்கையில், கால் படுக்கையின் மேல் வழுக்கிச் செல்வதால் ஈர்ப்பு அவரை எதிர்ப்பதில்லை. நலிந்த கால் மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுத்தாலோ, அதே தசை காலின் எடையைத் தூக்கியாக வேண்டும். தசை வலிமையை 0 முதல் 5 வரை மதிப்பிடும் அளவுகோலில் 2ஐயும் 3ஐயும் பிரிக்கும் கோடு இதுவே. எடைக்கட்டோ கருவியோ இன்றி, படுக்கும் விதத்தாலேயே சுமையைக் கூட்டவும் குறைக்கவும் முடிவது, வசதி குறைந்த மருத்துவமனைக்குச் சிறிய பேறன்று. கால் நீக்கப்பட்டவரை நாள்தோறும் சிறிது நேரம் குப்புறப் படுக்கச் சொல்வதும் இவ்வகையைச் சேர்ந்தது. நெடுநேரம் அமர்ந்தே இருப்பதால் இடுப்பு மூட்டு மடங்கிய நிலையில் இறுகிப்போவதை அது தடுக்க உதவுகிறது. (இவற்றை நோயாளிக்கு விளக்கக் கலைச்சொல் எதுவும் வேண்டியதில்லை, மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து என்ற வீட்டுச் சொற்களே போதும்.)

தசைப் பட்டியலை இதே அளவுக்கு நம்ப இயலாது. நிற்றலுக்குப் பாதத்தின் சிறு தசைகள் முதல் கழுத்துத் தசைகள் வரை நீளும் ஒரு வரிசையைப் பழைய நூல்கள் தருகின்றன. அது உடற்கூற்றிலிருந்து ஊகித்துப் பெற்ற வரிசையாகும். தசையின் மின் செயல்பாட்டைப் பதிவுசெய்யும் தசைமின் வரைவைக் கொண்டு ஜோசப், பஸ்மாஜியன் போன்ற ஆய்வாளர்கள் 1950களிலும் அதன் பின்னரும் அமைதியாக நிற்பவர்களை ஆராய்ந்தபோது, கெண்டைக்கால் தசை தொடர்ந்து இலேசாக இயங்க, தொடையின் முன்புறத் தசையும் பிட்டத்தின் பெருந்தசையும் பெரும்பாலும் ஓய்ந்திருப்பது தெரிந்தது. ஈர்ப்புக்கோடு கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் சற்று முன்னாலும், இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னாலும் விழுவதால், மேல் இரண்டு மூட்டுகளையும், எலும்புகளைப் பிணைக்கும் நார்களே பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. கணுக்காலுக்கு அத்தகைய தாங்கல் இல்லாததால் அங்கே தசை உழைத்தே தீர வேண்டியிருக்கிறது.

இதனினும் ஆழமான குறை, ஒரு நிலைக்கு ஒரு தசை என்ற எண்ணத்திலேயே இருக்கிறது. குப்புறப் படுத்தவர் முழங்காலை மெதுவாக மடக்கும்போது, கீழ்க்கால் செங்குத்தாக நிமிரும் வரை தொடையின் பின்புறத் தசை சுருங்கி அதைத் தூக்குகிறது. அந்தப் புள்ளியைக் கடந்ததும் ஈர்ப்பே காலைப் பிட்டத்தை நோக்கிச் சாய்க்க, முன்புறத் தசை நீண்டுகொண்டே பிடித்து அதன் வேகத்தை அடக்குகிறது. நிலையும் அசைவும் மாறாதிருக்க, உழைக்கும் தசை மட்டும் நடுவழியில் மாறிவிடுகிறது. உயரமான இருக்கையில் அமர்ந்து முழங்காலை நீட்டுபவருக்குக் கால் முழுதும் நீண்டபோது சுமை உச்சத்தைத் தொடுகிறது. நின்றபடி முழங்காலை மடக்கித் தாழ்பவருக்கோ, ஆழ மடங்குகையில் சுமை மிகுந்து, நிமிர்ந்ததும் அது ஏறத்தாழ இல்லாது போகிறது. இரண்டிலும் உழைப்பது தொடையின் முன்புறத் தசையே என்றாலும், மடங்கிய முழங்காலில் வலி காண்பவருக்கு முன்னதும் பின்னதும் ஒன்றல்ல என்பதைப் பட்டியல் சொல்லாது.

படுத்தலில் தொடங்கி அமர்தல், முழந்தாளிடுதல் எனப் படிப்படியாக நிற்றலுக்கு ஏற்றும் வழக்கமும் ஐயத்துக்குரியது. முழங்கால் மூட்டு தேய்ந்த முதியவரை முழந்தாளிடச் செய்வது வலியைத்தான் கூட்டும். பக்கவாதத்துக்குப் பின் எந்தச் செயல் தேவையோ அதையே பயில வேண்டும் என்று ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர்களான ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் ஆகியோர் 1982இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினர். படுக்கையில் வலுப்பெற்ற தசை, எழுந்து நிற்பதற்குரிய நேரத்தையும் ஒருங்கிணைவையும் தானாகக் கற்றுக்கொள்வதில்லை. ஆயினும் அவர்கள் வழியில் செல்லும் சிகிச்சையாளரும், முதலில் உயரமான இருக்கையிலிருந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வைத்து எழச் செய்து, பிறகு இருக்கையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தும்போது, லிங்கின் மரபு கற்றுத்தந்த அதே ஈர்ப்புக் கணக்கைத்தான் போடுகிறார்.