வீதி கேட்ட வீரர்

செங்கற்பட்டுச் சீமையிலே, மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1939ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ எனும் ஏட்டை அண்மையில் மீண்டும் படித்தோம். சின்னஞ்சிறு நூல், ஆனால் சிந்தையைச் சுடும் நூல்!

கோவையிலே அவர் கற்ற கல்விக்கூடத்தில் மாணவர் ஏறத்தாழ 400 பேர். பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் பார்ப்பனர். தன் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சிய சிறுவன், மணி அடிக்கும்வரை வெளியிலேயே நின்று படித்தான். வகுப்பு கலைந்ததும் எவரும் எட்டாவண்ணம் விரைந்து வீடு சேர்ந்தான். விளையாட்டும் மறுக்கப்பட்ட அந்தப் பிஞ்சு நெஞ்சத்தின் வேதனையைச் சில வரிகளிலே சொல்லி முடிக்கிறார்.

அதுவே நூலின் அழகு. அதுவே அதன் குறையும்கூட. ‘சுருக்கம்’ என்று பெயரிட்டதாலோ என்னவோ, விரித்துரைக்க வேண்டிய இடத்திலும் விரைந்து சென்றுவிடுகிறார். குலத்தை மறைத்துத் திரிந்த சிறுவனே 1893இல் ‘பறையன்’ எனும் பெயரிலேயே இதழ் நடத்தத் துணிந்தானே, அம்மாற்றம் எங்ஙனம் விளைந்தது? அதனை நாமேதான் உய்த்துணர வேண்டியிருக்கிறது.

1924இல், பனகல் அரசர் முதன்மந்திரியாக இருந்த காலை, சென்னைச் சட்டசபையிலே அவர் கொணர்ந்த தீர்மானம் யாது? பொதுச்சாலையில் எவரும் நடக்கலாம், பொதுக்கிணற்றில் எவரும் நீர் முகக்கலாம் என்பது. அம்மட்டே! மாளிகை கேட்டாரில்லை, மண்சாலை கேட்டார். நடப்பதற்கும் சட்டம் தேவைப்பட்ட நாடு இது!

வெள்ளையரை நம்பி மனுச் செய்தவர் என அவரைக் குறை கூறுவோர் உளர். கேட்கிறோம்: அடுத்த தெருக்காரன் கதவடைத்தபோது, அவர் எவர் கதவைத் தட்டியிருக்க வேண்டும்? ‘திவான் பகதூர்’ பட்டத்தை மட்டும் பாடுவோருக்கும் ஒன்று சொல்வோம்: பட்டம் அவருக்கு வந்தது; பாதையோ பல்லாயிரவர்க்குத் திறந்தது.

அதே சீமையைச் சார்ந்த திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று கார்கள் உருவாகின்றன. ஒரே பேருந்தில் ஏறி, ஒரே கூடத்தில் உண்டு, ஒரே எந்திரத்தின் முன் நிற்கும் தோழர்கள், மாலையில் இறங்கியதும் ஒருவர் ஊருக்கும் ஒருவர் காலனிக்குமாகப் பிரிகின்றனரே! சாலை அகன்றது, மனம் அகன்றதா?

தோழர்காள்! இந்நூலை வாங்கிப் படியுங்கள். படித்து முடித்ததும், ஊருக்கும் காலனிக்கும் இடையிலுள்ள அச்சிறு வழியிலே ஒருமுறை நடந்து பாருங்கள். அவர் எழுதாது விட்ட அத்தியாயம் அங்கே கிடக்கிறது. அதனை எழுதவேண்டியோர் நாம்.